புரிகிறது, பேச வரவில்லை: பி2 பிரெஞ்சு வகுப்பு பற்றி வாசகர் கேட்டவை

வேலைக்குப் போய்க்கொண்டே பிரெஞ்சு படித்து, பி1 நிலையை (இடைநிலை) தாண்டி பி2 (மேல் இடைநிலை) வகுப்பில் சேர்ந்திருக்கும், சேரப் பார்க்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை. பிரெஞ்சுச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழில் தந்திருக்கிறோம். அவற்றின் எழுத்துக்கூட்டலை உங்கள் பாடநூலிலோ அகராதியிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: பிரெஞ்சு மொழித்திறன் சான்றிதழுக்கான டெல்ஃப் பி1 தேர்வில் நூற்றுக்கு 74 மதிப்பெண் வாங்கித் தேறினேன். ஆனால் நிலைத்தேர்வு வைத்துப் பார்த்துவிட்டு, பி2 வகுப்பில் சேர்க்காமல் இன்னொரு பி1 தொகுதி படிக்கச் சொல்கிறார்கள். காசு பார்க்கும் வேலையோ?

ப: அப்படி உடனே முடிவு கட்ட வேண்டாம். 74 நல்ல மதிப்பெண்தான். ஆனால் அது நான்கு திறன்களின் கூட்டுத்தொகை. வாசிப்பிலும் எழுத்திலும் 22, 22 வாங்கி, கேட்டலில் 18, பேச்சில் 12 வாங்கினாலும் 74தான் வரும். பி2 வகுப்பு முதல் நாளிலிருந்தே கேட்பதையும் பேசுவதையும் நம்பித்தான் நடக்கும். அங்கே 12 வாங்கியவர் தடுமாறுவார். உங்கள் சான்றிதழில் பிரிவுவாரி மதிப்பெண் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். நிலைத்தேர்வின் முடிவையும் திறன்வாரியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

வீட்டிலேயே நான்கு விதமாகச் சோதித்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாத விஷயம் பற்றிய இரண்டு நிமிட வானொலிச் செய்தியை இரண்டு தடவை கேட்டுவிட்டு, என்ன நடந்தது, யார் ஆதரித்தார், யார் மறுத்தார் என்று ஒரு நிமிடம் பிரெஞ்சில் சொல்ல முடிகிறதா? அகராதி இல்லாமல் 45 நிமிடத்தில் 160 சொற்களில் ஒரு கருத்தை எழுதி முடிக்க முடிகிறதா? பழைய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லும்போது, நடந்ததற்கு ஒரு காலம், அப்போதைய சூழலுக்கு ஒரு காலம், அதற்கும் முன்னால் நடந்ததற்கு ஒரு காலம் என்று மூன்றையும் நின்று யோசிக்காமல் மாற்றிமாற்றிப் பயன்படுத்த வருகிறதா? ஒருவர் சொன்னதை மறுத்து, அவர் பதிலையும் மறுத்து, மூன்று சுற்று தாக்குப்பிடிக்க முடிகிறதா? இவற்றில் மூன்று வந்தால் பி2 வகுப்பையே வற்புறுத்திக் கேளுங்கள். ஒன்றுதான் வருகிறது என்றால் அவர்கள் சொன்னது சரி.

ஒரு நாள் பி2 வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்பதும் நல்லது. மாணவர்களின் விவாதத்தில் பாதி நழுவினால் பரவாயில்லை, பழகிவிடும். ஆசிரியர் என்ன செய்யச் சொல்கிறார் என்பதே புரியவில்லையென்றால் அது உங்களுக்கு இப்போதைக்கு உயரமான வகுப்பு. தொடக்கத்திலிருந்து பி1 முடிக்க 350 முதல் 400 வகுப்பு மணி நேரமும், பி2 முடிக்க 500 முதல் 650 மணி நேரமும் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இடைவெளி பெரிது. அதனால்தான் பி2.1, பி2.2 என்று பிரித்து நடத்துகிறார்கள்.

கே: வகுப்பில் ஆசிரியர் பேசுவது முழுதும் புரிகிறது. ஒலிப்பதிவைப் போட்டால் பாதிகூடப் புரிவதில்லை. பிறகு எழுத்துவடிவத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த சொற்களாகவே இருக்கின்றன!

ப: கடைசியாகச் சொன்னீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. உங்களுக்குச் சொற்பஞ்சம் இல்லை. புத்தகத்தில் கண்ட சொல்லும் வாயிலிருந்து வருகிற சொல்லும் ஒன்றாக இல்லாததுதான் சிக்கல். ஆசிரியர் உங்களுக்காக ஒவ்வொரு அசையையும் முழுதாக உச்சரிக்கிறார். மற்றவர்கள் அப்படிப் பேசுவதில்லை. எதிர்மறையின் முதல் பாதியான ‘நெ’ பேச்சில் பெரும்பாலும் விழுந்துவிடும். ‘ஜெ நெ சே பா’ (எனக்குத் தெரியாது) என்று படித்தது காதில் ‘ஷேபா’ என்று வரும். ‘ஜெ சுவி’ (நான் இருக்கிறேன்) என்பது ‘ஷ்வி’ ஆகும், ‘இல் யா’ (இருக்கிறது) வெறும் ‘யா’ ஆகும், ‘தியு ஆ’ (உன்னிடம் இருக்கிறது) என்பது ‘தா’ ஆகும். போதாக்குறைக்கு ஒரு சொல்லின் கடைசி மெய் அடுத்த சொல்லின் முதல் உயிரோடு ஒட்டிக்கொள்வதால், சொல் எங்கே தொடங்குகிறது என்ற எல்லையே மறைந்துவிடுகிறது.

நாளுக்கு ஒரு புதுப் பதிவு என்று ஓடாமல், ஒன்றரை நிமிடத் துண்டு ஒன்றை நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எழுத்துவடிவம் பார்க்காமல் இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை யார் பேசுகிறார், எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது மட்டும். இரண்டாம் தடவை எண்கள், பெயர்கள், ‘ஆனால்’, ‘அதனால்’ போன்ற இணைப்புச் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள், மங்கலாகக் கேட்ட 15 விநாடிப் பகுதி ஒன்றைத் தேர்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். மூன்றாம் நாள் எழுத்துவடிவத்தோடு ஒப்பிட்டு, தவறிய ஒவ்வொரு இடத்துக்கும் அருகில் காரணம் எழுதுங்கள்: தெரியாத சொல், தெரிந்தும் காதில் பிடிபடாத சொல், சொற்கள் கேட்டும் வாக்கியம் பிடிபடாத இடம். உங்கள் நிலையில் இரண்டாவது வகைதான் அதிகம் வரும். நான்காம் நாள் பதிவோடு சேர்ந்து, அதே வேகத்தில், அதே விழுங்கலோடு உரக்கப் படியுங்கள். வாய் ஒருமுறை ‘ஷேபா’ என்று சொல்லிப் பழகினால் காது அதை விடாது.

எழுத்துவடிவம் கிடைக்காத பதிவை இந்தப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி பத்து நிமிடம் ஓடும், எழுத்துவடிவமும் உண்டு. டிவி5மோந்த் நிறுவனத்தின் பயிற்சித் தளத்தில் பாடங்கள் ஏ1 முதல் பி2 வரை நிலைவாரியாக இருக்கின்றன. எளிய செய்தி உங்களுக்கு அரை வருடத்தில் சலித்துவிட வேண்டும். சலித்ததும் பேட்டிகளுக்கும் விவாதங்களுக்கும் போய்விடுங்கள். இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் பேசுவதைப் பின்தொடர்வது பி2-வின் பாடத்திலேயே உள்ளது.

கே: என் மூக்கொலி உயிர்கள் சரியில்லை என்று ஆசிரியர் திரும்பத் திரும்பத் திருத்துகிறார். தமிழருக்கு இது வருமா?

ப: தாராளமாக வரும். நாம் நாள் முழுக்க மூக்கொலி உயிர்களைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், எழுத்தில் அது தெரிவதில்லை. ‘வரேன்’, ‘மரம்’, ‘வந்தான்’ என்று வீட்டில் பேசுகிற மாதிரிச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் ‘ன்’ என்று நாக்கு மேலே ஒட்டுவதில்லை, ‘ம்’ என்று உதடு மூடுவதுமில்லை. உயிர் மூக்கு வழியாக வெளியே போய் நின்றுவிடுகிறது. ‘வரேன்’ சொல்லின் கடைசி ஒலி, பிரெஞ்சில் ‘ஒயின்’ என்ற பொருள் தரும் சொல்லின் உயிருக்கு மிக அருகில் இருக்கிறது. பேச்சில் ‘வந்தான்’ முடிவது ‘காற்று’ என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லின் உயிருக்கு அருகில். ‘மரம்’ சொல்லும்போது வரும் முடிவில் உதட்டை நன்றாகக் குவித்தால் மூன்றாவது மூக்கொலி உயிரும் கிடைத்துவிடும். மேடைத் தமிழ் உச்சரிப்போடு படித்தால் வராது. பேச்சுத் தமிழை எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொரு அனுகூலமும் இருக்கிறது. பிரெஞ்சின் ‘த’ நம்முடைய பல்லொலி ‘த’வேதான். ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சுக்குப் போனவர்கள் அதை ‘ட’ என்று சொல்லிக் கெடுத்துக்கொள்கிறார்கள். அதை விட்டாலே உச்சரிப்பு பாதி சீராகும்.

நமக்குக் கடினம் வேறு இடத்தில். ஒன்று, ‘இ’ சொல்லும் நாக்கோடு ‘உ’ சொல்லும் உதட்டைச் சேர்க்கும் உயிர். ‘ஈ...’ என்று இழுத்துக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் விசிலடிப்பதுபோல் குவியுங்கள். ‘மேலே’, ‘கீழே’ என்று நேர் எதிர்ப்பொருள் தரும் இரண்டு பிரெஞ்சுச் சொற்கள் இந்த ஓர் உயிரில்தான் வேறுபடுகின்றன. ஆகவே இதை அலட்சியப்படுத்தக் கூடாது. இன்னொன்று ‘ஸ’ ஒலியும் அதன் அதிர்வொலி வடிவமும். ‘மீன்’, ‘நஞ்சு’ ஆகிய இரண்டும் பிரெஞ்சில் இந்த வேறுபாட்டால் மட்டுமே பிரிகின்றன. தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள், நஞ்சில் அதிர வேண்டும், மீனில் அதிரக் கூடாது. தொண்டையில் உருட்டும் ‘ர’ பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். நம் ‘ர’வோடு பேசினாலும் எவருக்கும் புரியும்.

கே: விருப்பம், அச்சம், ஐயம் போன்றவற்றின் பின் வரும் சுப்ஜோன்க்தீஃப் வினைவடிவம் எங்கே வரும் என்பதற்கு எத்தனையோ பட்டியல் மனப்பாடம் செய்துவிட்டேன். பேசும்போது ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை.

ப: பட்டியலைச் சுருக்குங்கள். பேச்சுக்கும் எழுத்துக்கும் இந்த நிலையில் உண்மையாகத் தேவைப்படுபவை கொஞ்சம்தான்: ‘இல் ஃபோ கெ’ (...வேண்டும்), ‘பூர் கெ’ (...என்பதற்காக), ‘பியேன் கெ’ (...என்றாலும்), ‘அவான் கெ’ (...முன்), ‘அ கோந்திசியோன் கெ’ (...என்ற நிபந்தனையில்), விருப்பமும் அச்சமும் சொல்லும் வினைகள், ‘நான் அப்படி நினைக்கவில்லை’ என்ற எதிர்மறை. இவை ஒவ்வொன்றுக்கும் உங்கள் வேலையைப் பற்றிய ஒரே ஒரு முழு வாக்கியத்தை எழுதி, அதை வாய் தானாகச் சொல்லும்வரை பழகுங்கள். வடிவத்தில் ஒழுங்கு மீறும் வினைகளில் அன்றாடம் வருபவை ஏழு: இரு, வைத்திரு, போ, செய், அறி, இயலு, விரும்பு என்ற பொருள் தருபவை. இவற்றை முதலில் முடியுங்கள்.

தாள்களில் மீண்டும் மீண்டும் சிவப்பு மை வாங்கும் இடங்கள் மூன்று. ‘எஸ்பெரே’ (நம்பிக்கையோடு எதிர்பார்) என்ற வினை விருப்பம்போலத் தோன்றினாலும் அதற்குப் பின் சாதாரண வினைவடிவமான இந்திகாதீஃப்தான் வரும். ‘அவான் கெ’ சுப்ஜோன்க்தீஃப் கேட்கும், ஆனால் ‘அப்ரே கெ’ கேட்காது, ஏனென்றால் ‘பின்’ என்றால் காரியம் நடந்து முடிந்துவிட்டது. மூன்றாவதுதான் மிகப் பரவலான பிழை: இரண்டு வினைக்கும் எழுவாய் ஒருவரே என்றால் ‘கெ’ போடவே கூடாது. ‘நான் போக விரும்புகிறேன்’ என்பதற்குத் தமிழில் சொல்வதுபோலவே செயவென் எச்சத்துக்கு நிகரான வடிவம் போதும்: ‘ஜெ வெ பார்த்தீர்’. தமிழ் இங்கே உங்களுக்குத் துணை நிற்கிறது, கேளுங்கள்.

கே: பெயரையும் அதை விவரிக்கும் வாக்கியத்தையும் இணைக்கும் ‘தோன்’, ‘கெ’ இரண்டுக்கும் குழப்பம். விதி தெரிகிறது, எழுதும்போது தவறுகிறது.

ப: விதியில் குறையில்லை, வினையைப் பாதியாகப் படித்ததுதான் குறை. ‘அவுவார் பெஸ்வேன்’ (தேவைப்படு) என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். ‘அவுவார் பெஸ்வேன் தெ’ என்று அந்த வாலையும் சேர்த்துப் படித்திருந்தால், ‘எனக்குத் தேவைப்படும் புத்தகம்’ என்று எழுதும்போது அந்த ‘தெ’ எங்கே போனது என்று கை தானே தேடும், ‘தோன்’ வந்து நிற்கும். தமிழில் பெயரெச்சம் வேற்றுமையை விழுங்கிவிடும் என்பதால் நமக்கு இந்த இழப்பு தெரிவதில்லை. இனி எந்த வினையையும் அதன் வாலில்லாமல் குறிப்பேட்டில் எழுதாதீர்கள்.

கே: குறிப்பேட்டில் மூவாயிரம் சொற்கள் இருக்கின்றன. வாயில் வருவது முந்நூறுதான்.

ப: மேலே சொன்னதன் தொடர்ச்சிதான் இதுவும். தனிச் சொல்லாக எழுதிய எதுவும் பேச்சில் வராது. பெயர்ச்சொல்லென்றால் ‘அன்’, ‘யுன்’ என்ற முன்னொட்டோடு எழுதுங்கள். உயிரில் தொடங்கும் சொல்லுக்கு ‘ல’ மட்டும் எழுதினால் பால் தெரியாமல் போய்விடும். அதோடு அடிக்கடி சேர்ந்து வரும் வினை ஒன்றையும் எழுதுங்கள்: முடிவு என்றால் முடிவை ‘எடுப்பது’, சவால் என்றால் சவாலை ‘ஏற்பது’. வாரத்துக்கு 25 சேர்க்கைகள் போதும். ஒவ்வொன்றையும் அந்த வாரத்திலேயே ஒருமுறை எழுத்திலும் ஒருமுறை வகுப்புப் பேச்சிலும் பயன்படுத்துங்கள். பயன்படுத்த வாய்ப்பே வராத சொல்லைக் கழித்துவிடுங்கள்.

ஆங்கிலம் தெரிந்தவர்களைக் கவிழ்க்கும் சொற்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ‘அக்துயெல்மான்’ என்றால் ‘தற்போது’. ‘எவான்துயெல்மான்’ என்றால் ‘ஒருவேளை, தேவைப்பட்டால்’. ‘பாசே’ தேர்வு ‘எழுதுவது’, தேறுவதற்கு ‘ரெயுசீர்’ என்று வேறு வினை. நேர்காணலில் இதை மாற்றிச் சொன்னால் தேறிய தேர்வையும் வெறுமனே எழுதியதாகத்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

கே: 250 சொல் கட்டுரைக்கு நிறைய இணைப்புச் சொற்கள் போட்டும் ‘வாதம் தொடர்ச்சியாக இல்லை’ என்ற குறிப்போடுதான் தாள் திரும்பி வருகிறது.

ப: இணைப்புச் சொல் இரண்டு கருத்துகளுக்கு நடுவே ஏற்கெனவே இருக்கிற உறவைக் காட்டுகிறது. உறவு இல்லாத இடத்தில் போட்டால் இன்னும் துண்டாகத் தெரியும். எழுதியதில் இணைப்புச் சொற்களை எல்லாம் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் வாதம் ஓடவேண்டும்.

சொற்களின் வேலையும் துல்லியமாகத் தெரிய வேண்டும். ‘ஆனெஃபே’ முன் வாக்கியத்துக்குச் சான்றோ விளக்கமோ தர வருவது. ‘ஆன் ஃபேத்’ எதிர்பார்த்ததைத் திருத்த வருவது. இவற்றைக் குழப்பினால் வாதமே திசைமாறும். ‘செர்த்’ (உண்மைதான்) என்று தொடங்கினால் எதிராளிக்கு ஒரு புள்ளியை விட்டுக்கொடுக்கிறீர்கள், அடுத்த வாக்கியத்தில் ‘மே’ (ஆனால்) போட்டு அதை மீட்டாக வேண்டும். மீட்காமல் விட்டவர்கள் எதிர்த்தரப்புக்கே வாதாடியவர்கள் ஆகிறார்கள். ‘தாயர்’ அதே பக்கத்தில் இன்னொரு சின்னச் சான்று சேர்க்கும். ‘பாராயர்’ வேறொரு கோணத்துக்குத் திரும்பும்.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள். 5 நிமிடம் கேள்வியைப் படித்து, நீங்கள் யார், யாருக்கு எழுதுகிறீர்கள், என்ன வேண்டும் என்ற மூன்றையும் அடிக்கோடிடுங்கள். நகராட்சித் தலைவருக்கு எழுதச் சொன்ன கடிதத்தைப் பொதுக்கட்டுரையாக எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். அடுத்த 10 நிமிடம் திட்டம்: மூன்று வாதம், ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டவட்டமான எடுத்துக்காட்டு, ஒரு விட்டுக்கொடுப்பு. பிறகு 30 நிமிடம் நேரடியாகத் தாளில் எழுதுங்கள். முழு வரைவு எழுதிவிட்டுப் படியெடுக்க நேரம் இருக்காது. அறிமுகம் 40 சொல், மூன்று பத்தி தலா 60 முதல் 70 சொல், முடிவு 30 சொல் என்றால் 250 முதல் 280-க்குள் நிற்கும். மிச்சம் 15 நிமிடம் திருத்தத்துக்கு. சொல் எண்ணும்போது இரண்டு இடைவெளிகளுக்கு நடுவில் இருப்பது ஒரு சொல். ‘அதாவது’ என்ற பொருளில் ‘செத்தாதீர்’ என்று ஒலிக்கும் நீளமான கோவை இணைப்புக்கோட்டால் ஒன்றாகிவிடுவதால் ஒரே சொல்தான்.

திருத்தும்போது ஒரே வாசிப்பில் எல்லாப் பிழையையும் பிடிக்க முயலாதீர்கள். ஒரு தடவை வினையும் எழுவாயும் மட்டும். இன்னொரு தடவை பெயரடைகளின் பால், எண் மட்டும். மூன்றாம் தடவை இறந்தகால எச்சங்கள்: செயப்படுபொருள் முன்னால் வந்திருந்தால் ‘அவுவார்’ துணைவினையோடும் பால், எண் இயைபு வேண்டும். ‘நான் எழுதிய கடிதங்கள்’ என்று வரும்போது ‘எக்ரீ’ அல்ல, ‘எக்ரீத்’. இது காதுக்கும் கேட்கும் என்பதால் பேச்சுத் தேர்விலும் கவனிப்பார்கள். கடைசித் தடவை மேல்குறிகள். ‘அல்லது’, ‘எங்கே’ இரண்டுக்கும் பிரெஞ்சில் ஒரே ஒலி, குறி ஒன்றுதான் வேறுபாடு.

திரும்பி வந்த தாளை அப்படியே கோப்பில் செருகாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். பிழைகளை வகைபிரித்து, மூன்று நாள் கழித்து அதே கட்டுரையைத் தாளைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். புதுத் தலைப்பில் நான்கு எழுதுவதைவிட ஒரே தலைப்பில் இரண்டாம் முறை எழுதுவது உங்களை அதிகம் உயர்த்தும்.

கே: எழுதியதை ஏஐ செயலியில் போட்டுத் திருத்தி, வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாமா?

ப: அப்படிக் கொடுத்தால் ஆசிரியர் செயலியின் பிரெஞ்சைத் திருத்துவார், உங்களுடையதைத் திருத்த வழியில்லாமல் போகும். முழுதும் நீங்களே எழுதி முடித்த பிறகு, ‘மாற்றி எழுத வேண்டாம், எந்த வரியில் எந்த வகைப் பிழை என்று மட்டும் சொல்’ என்று கேளுங்கள். திருத்தத்தை நீங்களே செய்யுங்கள். ஆசிரியரிடம் முதல் வடிவத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

கே: வகுப்பில் பன்னிரண்டு பேர். மூன்று பேர்தான் பேசுகிறார்கள். நான் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. இரண்டு மணி நேரத்தில் நான் பேசுவது ஒரு நிமிடம் இருக்குமா என்பதே சந்தேகம்.

ப: இது உண்மையான நட்டம். கேட்பது, படிப்பது, இலக்கணப் பயிற்சி எல்லாம் வீட்டில் தனியாகவே செய்துகொள்ளலாம். எதிரில் ஆள் வைத்துப் பேசுவதும் அங்கேயே திருத்தப்படுவதும் வகுப்பில்தான் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். விவாதத்துக்கு முன் ஐந்து நிமிடம் இருவர் இருவராகப் பேச விடும்படி ஆசிரியரிடம் வகுப்புக்கு வெளியே சொல்லுங்கள். நல்ல ஆசிரியர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை, உங்கள் தேவை தெரிந்ததே என்றுதான் நினைப்பார்கள்.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது: வாக்கியத்தை முழுதாகக் கட்டிவிட்டு வாய் திறக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். முதலில் இடத்தைப் பிடிக்கும் தொடரைச் சொல்லிவிடுங்கள், அதற்குள் மிச்சம் கூடிவரும். ‘நீங்கள் சொன்ன ஒரு விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன்’, ‘அது உண்மைதான், இருந்தாலும்...’, ‘நான் புரிந்துகொண்டது சரியென்றால்...’, ‘இதையே வேறு மாதிரி சொன்னால்...’ இப்படி ஆறு ஏழு தொடர்களின் பிரெஞ்சு வடிவத்தை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, மூச்சுவிடாமல் சொல்லும்வரை வீட்டில் பழகுங்கள். அடுத்த வகுப்பின் தலைப்பு பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். மூன்று வாக்கியம் தயார் செய்துகொண்டு போய், முதல் கால் மணி நேரத்துக்குள் ஒன்றையாவது சொல்லிவிடுங்கள். நேரம் போகப்போக நுழைவது கடினமாகும். சொல் கிடைக்காமல் நின்றால் ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள். ‘அது இன்னதற்குப் பயன்படும் பொருள்’ என்று சுற்றி வளைத்துச் சொல்வதும் பி2-வில் மதிப்பிடப்படும் திறமைதான்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்கள் எட்டுப் பேர் அளவில் உள்ள குழுவைத் தேடுங்கள். இணையவழி என்றால் சிறு அறைகளாகப் பிரித்துப் பேசவைக்கிறார்களா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள்.

கே: எனக்கு 52 வயது. இருபது வயதுக்காரர்களோடு ஈடுகொடுக்க முடியுமா?

ப: வாதம் செய்வதிலும் கட்டுரைக்குச் சரக்குத் தேடுவதிலும் உங்களுக்குத்தான் கை ஓங்கும், ஏனென்றால் பி2-வின் தலைப்புகள் எல்லாம் வேலை, கல்வி, சுற்றுச்சூழல், ஊடகம் என்று வாழ்க்கையை ஒட்டியவை. வேகமான ஒலிப்பதிவுக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

கே: பிரெஞ்சுத் தேர்வுகளில் டெல்ஃப் பி2, டிசிஎஃப், டெஃப் என்று மூன்று சொல்கிறார்கள்: எதை எழுதுவது?

ப: சான்றிதழை யாரிடம் காட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கனடா மத்திய அரசின் குடியேற்றத் திட்டங்களுக்கு டிசிஎஃப் கனடா, டெஃப் கனடா இரண்டுதான், டெல்ஃப் செல்லாது. பிரான்சில் பட்டப்படிப்புக்குப் பெரும்பாலும் பி2 கேட்பார்கள், அங்கே டெல்ஃப் பி2 நன்றாகச் செல்லுபடியாகும். பிரான்சில் குடியிருந்து குடியுரிமை கேட்பவர்களுக்கு முன்பு பி1 போதுமானதாக இருந்தது. 2024 ஜனவரியில் வந்த குடியேற்றச் சட்டத்தின்படி 2026 ஜனவரி 1 முதல் பி2 வேண்டும். வகுப்புகளில் இப்போது கூட்டம் கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டெல்ஃபுக்குக் காலாவதி கிடையாது, டிசிஎஃப் முடிவு இரண்டு ஆண்டுகளுக்குத்தான். டெல்ஃபில் ஒரு நிலையைத் தேர்ந்து எழுதுகிறீர்கள், தேறுவீர்கள் அல்லது தவறுவீர்கள். டிசிஎஃபில் தோல்வி என்று ஒன்று இல்லை, எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடும். டெல்ஃப் பி2-வில் கேட்டல் ஏறக்குறைய அரை மணி நேரம், வாசிப்பு ஒரு மணி நேரம், எழுத்து ஒரு மணி நேரம். பேச்சுக்குத் தயாரிப்பு 30 நிமிடம், தேர்வாளர் முன்பு சுமார் 20 நிமிடம். அதில் 5 முதல் 7 நிமிடம் நீங்களே பேசி, மிச்சம் அவரோடு விவாதிக்க வேண்டும். தலா 25, மொத்தம் 100-க்கு 50 வேண்டும். எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போனால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தேற முடியாது. கேட்டல் பகுதியில் சில பதிவுகள் ஒரே முறைதான் ஒலிக்கும், அதற்கு முன்பே கேள்விகளைப் படித்துவிட வேண்டும். பேச்சுத் தயாரிப்பில் முழு உரையை எழுதிவைப்பவர்கள் அதைப் பார்த்துப் படிக்கத் தொடங்கி மாட்டிக்கொள்கிறார்கள். குறிச்சொற்களும் எடுத்துக்காட்டுகளும் மட்டும் தாளில் இருக்கட்டும். தேர்வாளர் உங்களை மறுத்துப் பேசுவது அவர் வேலை. அதைக் கண்டு கருத்தை மாற்றிக்கொள்ளாமல், விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுத்து, நிலைப்பாட்டைக் காத்துக்கொள்ளுங்கள்.

கே: ஷிஃப்ட் வேலை. மாதத்தில் இரண்டு வகுப்பாவது தவறுகிறது. சேர்ந்து பயனுண்டா?

ப: உண்டு, தவறிய வகுப்பை அந்த வாரத்துக்குள்ளேயே ஈடுகட்டினால். உடன் படிக்கும் ஒருவரோடு முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: கரும்பலகைப் படம், வீட்டுப்பாடம், விவாதத் தலைப்பு மூன்றும் அன்றிரவே உங்களுக்கு வந்துவிட வேண்டும். இலக்கணத்தைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். விவாதத் தலைப்பைப் பற்றி நீங்கள் மூன்று நிமிடம் பேசிப் பதிவுசெய்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். விடுமுறை நாளில் நான்கு மணி நேரம் உட்கார்வதைவிட, இரவுப்பணி நாளிலும் அரை மணி நேரம் தொடர்பு அறாமல் பார்த்துக்கொள்வது மேல். தொடர்ந்து மூன்று வகுப்பு தவறும் நிலை வந்தால், அடுத்த தொகுதிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி அப்போதே அலுவலகத்தில் கேளுங்கள். தொகுதி முடிந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.